குத்துச்சண்டைக் கையுறையும் பட்டாம்பூச்சிப் பெட்டியும்

1940 மே மாதக் கடைசியில் நியூயார்க் துறைமுகத்தில் ஒரு சுங்கச் சோதனை. பிரான்சின் சேன் நாசேர் துறைமுகத்திலிருந்து வந்த 'ஷாம்ப்ளேன்' கப்பலில் ஒரு ருஷ்யக் குடும்பம் வந்து இறங்கியிருந்தது. கணவர், மனைவி, ஆறு வயதுப் பையன். பெரிய பெட்டியின் சாவியைக் காணவில்லை. பூட்டைத் தட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. மூடியைத் தூக்கியதும் மேலாகத் தெரிந்தவை இரண்டு ஜோடி குத்துச்சண்டைக் கையுறைகள். சுங்க அதிகாரிகள் இருவர் அவற்றை எடுத்து மாட்டிக்கொண்டு, அங்கேயே ஒருவரையொருவர் குத்துவதுபோல் குதித்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாமவர் பெட்டிக்குள் இருந்த பட்டாம்பூச்சிகளைப் பார்த்து ரசித்து, ஒன்றுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசனையும் சொன்னார். பின்னாளில் ஒரு பேட்டியில் அந்தக் கணவரே சிரிப்போடு சொன்ன கதை இது.

அவர் விளாதிமிர் நபோகோவ். 'லோலிதா' என்ற நாவலால் உலகெங்கும் பெயரும் பழியும் ஒருசேரச் சம்பாதித்தவர். நாவலாசிரியர் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பூச்சி ஆராய்ச்சியாளராகச் சம்பளம் வாங்கி வேலை பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை ஒரு பெரிய எழுத்தாளரின் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இன்று நம் தெருவிலேயே பிள்ளைகளைப் பள்ளி விட்டதும் ஓவிய வகுப்பு, அது முடிந்ததும் கராத்தே வகுப்பு என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். "இதெல்லாம் பின்னால் வேலைக்குப் போகும்போது எதற்கு உதவும்?" என்று வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பதும் கேட்கிறது. பூச்சி, சித்திரம், சண்டைப் பயிற்சி இந்த மூன்றும் ஒரே மனிதருடைய வாழ்க்கையில் எப்படி இடம் பிடித்துக்கொண்டன, ஒன்றுக்கொன்று என்ன விலை கொடுத்தன என்பதை நபோகோவ் கதையில் பார்க்கலாம்.

1899-இல் சேன் பீட்டர்ஸ்பர்க்கில் பெரும் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் சட்ட அறிஞர், தாராளவாத அரசியல்வாதி. ஜார் ஆட்சியில் யூதர்களுக்கு நடந்த கொடுமைகளைத் துணிந்து எழுதியவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பல்ஷாயா மர்ஸ்காயா தெருவில் இருந்த அந்த வீட்டின் நூலகம் வெறும் புத்தக அறை அல்ல. ஆயிரக்கணக்கான நூல்களுக்கு நடுவே தகப்பனார் வாள்வீச்சுப் பழகுவார். குத்துவதற்குப் பந்தும் தொங்கும். பையனுக்கும் அங்கேதான் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தார்கள். புத்தகத் தோலும் கையுறைத் தோலும் ஒரே அறையில் மணந்த வீடு.

சித்திரத்துக்கும் தனியாக வாத்தியார்கள் வந்தார்கள். ஒருவர் தூரிகையைத் தாராளமாக வீசி வரையச் சொல்பவர். அவரிடம் பையனுக்கு ஒட்டவில்லை. அடுத்து வந்தவர் பெரிய ஓவியர் தபுஜின்ஸ்கி. அவர் முறையே வேறு. தினம் பார்க்கிற ஒரு பொருளை, தெருவிளக்கையோ தபால் பெட்டியையோ, எதிரில் வைத்துக்கொள்ளாமல் நினைவிலிருந்து நுணுக்கம் தவறாமல் வரையச் சொல்வார். பார்த்தேன் என்று சொல்கிறாயே, உண்மையில் எவ்வளவு பார்த்தாய் என்பதற்கு அது பரீட்சை. பல வருடம் கழித்து அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் குருவும் சீடரும் சந்தித்தபோது, என் மாணவர்களிலேயே உருப்படாதவன் நீதான் என்ற பொருளில் தபுஜின்ஸ்கி சொன்னாராம். அப்படிச் சொன்னாலும், அந்த வாத்தியார் கொடுத்த பயிற்சி ஹார்வர்டு நுண்ணோக்கியின் முன்னால் எனக்குக் கைகொடுத்தது என்று நபோகோவ் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

பட்டாம்பூச்சிப் பித்து ஏழு வயதில் பிடித்தது. கோடைக்காலத்தில் வீரா என்ற கிராமத்துப் பண்ணை வீட்டில் வலையோடு அலைவார். அவருக்குப் பிரபுத்துவ மிடுக்கும் இருந்தது, பேராசையும் இருந்தது. புதிய இனம் ஒன்றைக் கண்டுபிடித்துத் தன் பெயரைப் பதிக்க வேண்டும். சிறுவனாக இருக்கும்போதே ஓர் அந்திப்பூச்சியைப் புதிது என்று நம்பி, இங்கிலாந்துப் பூச்சியியலாளர் ஒருவருக்கு விவரம் எழுதி அனுப்பினார். அதை ஏற்கெனவே கிரெட்ச்மார் என்பவர் விவரித்துவிட்டார் என்று பதில் வந்தது. பையன் அந்த ஏமாற்றத்தை மறக்கவில்லை. இருபது வருடத்துக்கும் மேல் கழிந்து எழுதிய ஒரு நாவலில், குருடாகிப்போகும் ஆளுக்குக் கிரெட்ச்மார் என்று பெயர் வைத்துக் கணக்குத் தீர்த்துக்கொண்டார். எழுத்தாளர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1917-இல் புரட்சி வந்தது. குடும்பம் முதலில் கிரிமியாவுக்குப் போய், 1919-இல் கப்பலேறியது. வீடு, நிலம், சேகரித்த பூச்சிகள் எல்லாம் போயின. கிரிமியாவில் தங்கியிருந்த அந்தக் கொஞ்ச காலத்திலும் பூச்சி பிடித்தார். அதுபற்றிய குறிப்பு 1920-இல் 'தி என்டமாலஜிஸ்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் வந்தது. அவருடைய முதல் அறிவியல் கட்டுரை அதுதான். அப்போது அவர் கேம்பிரிட்ஜில் மாணவர். விலங்கியல் படிக்கச் சேர்ந்து, விரைவிலேயே ருஷ்ய, பிரெஞ்சு மொழிகளுக்கு மாறினார். கால்பந்தில் கோல்கீப்பர். 1922 மார்ச்சில் பெர்லினில் ஒரு கூட்டத்தில், வேறொரு தலைவரைச் சுட வந்தவர்களைத் தடுக்கப் போய் அவர் தகப்பனார் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அதன்பிறகு பதினைந்து வருடம் பெர்லின். ருஷ்ய மொழியில் 'சீரின்' என்ற புனைபெயரில் எழுதினார். அகதிகள் படிக்கிற பத்திரிகை, அகதிகள் வாங்குகிற புத்தகம். அதிலே என்ன வருமானம் வந்துவிடப் போகிறது? ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார், பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார், டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார், குத்துச்சண்டையும் சொல்லிக்கொடுத்தார். பெர்லினில் வந்த ருஷ்யப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிரும் போட்டுக்கொடுத்தார். பணக்கார வீட்டுப் பையனுக்கு அழகுக்காகக் கற்றுக்கொடுத்தவையெல்லாம் இப்போது மணிக்கணக்கில் கூலி கொண்டுவந்தன.

குத்துச்சண்டையை அவர் வெறும் பிழைப்பாகப் பார்க்கவில்லை. 1925 டிசம்பரில் பெர்லினில் பிரைட்டன்ஷ்ட்ரேட்டர் என்ற ஜெர்மானியருக்கும் பவுலினோ என்ற பாஸ்க் வீரருக்கும் நடந்த போட்டியைப் பார்த்துவிட்டு ஒரு கட்டுரை எழுதினார். குத்து விழும் அழகு, தாங்கும் அழகு, கூட்டத்தின் மனநிலை எல்லாம் அதில் இருக்கும். எதிராளியின் தோள் எந்தப் பக்கம் அசைகிறது என்பதை இமைக்காமல் கவனிப்பவன்தான் வலையை எப்போது வீசுவது என்பதையும் அறிவான் என்பது என் ஊகம். அவர் அப்படிச் சொன்னதாக எங்கும் படித்ததில்லை.

1928-இல் ஒரு நாவலின் ஜெர்மன் பதிப்புரிமைக்கு உல்ஷ்டைன் பதிப்பகம் முன்பணம் கொடுத்தது. புத்தி உள்ளவன் என்ன செய்வான்? வீட்டு வாடகை பாக்கியைத் தீர்ப்பான், குளிருக்கு நல்ல கோட்டு வாங்குவான். இவர் மனைவி வேராவைக் கூட்டிக்கொண்டு 1929 தொடக்கத்தில் பிரான்சின் பிரனே மலைச்சாரலுக்குப் பட்டாம்பூச்சி பிடிக்கப் போனார். லெ புலூ என்ற ஊரில் தங்கி, வெயில் உள்ள நேரத்தில் பூச்சி, மற்ற நேரத்தில் எழுத்து. சதுரங்க வீரர் லூஷின் கதையை அங்கேதான் எழுதத் தொடங்கினார். அந்தப் பயணத்தால் ஒரு நாவலும், 1931-இல் அச்சான ஒரு பூச்சியியல் கட்டுரையும் விளைந்தன. முன்பணத்தை இதைவிட நன்றாகச் செலவழித்திருக்க முடியாது என்று இப்போது சொல்லலாம். அப்போது வேரா என்ன நினைத்தாரோ.

வேரா யூதப் பெண். ஹிட்லர் ஆட்சியில் பெர்லினில் இருப்பது நாளுக்கு நாள் ஆபத்தாயிற்று. 1937-இல் பிரான்சுக்குப் போனார்கள். அவர் பிரெஞ்சிலும் எழுதக் கூடியவர். சிறுவயதில் தம்மை வளர்த்த சுவிஸ் ஆசிரியையைப் பற்றி 'மத்மோசேல் ஓ' என்று ஒரு நினைவுச் சித்திரத்தை 1936-இல் நேரே பிரெஞ்சில் எழுதினார். நான் நபோகோவை முதலில் படித்தது அதில்தான். அயல்நாட்டான் எழுதிய பிரெஞ்சு என்று எங்கும் தோன்றவில்லை. பள்ளியில் திக்தே எழுதி எழுதிக் காதைத் திருகு வாங்கியவர்களுக்கு அந்த வாக்கியங்களின் சுத்தம் புரியும்.

பாரீசில் சிறிய ஒற்றை அறை வீடு. பையன் தூங்க வேண்டும், விளக்கெரிக்க முடியாது. குளியலறைக்குள் போய், அங்கிருந்த பீங்கான் தொட்டியின் மேல் சூட்கேசைக் குறுக்கே வைத்து அதையே மேசையாக்கி, ஆங்கிலத்தில் தம் முதல் நாவலை எழுதினார். 1939-இல் தாயார் பிராகில் காலமானார். போய்ப் பார்க்க முடியவில்லை. இத்தனைக்கும் நடுவில், 1938 கோடையில் தெற்கே முலினே என்ற மலை ஊருக்கு மேல் ஒரு நீல வண்ணத்துப்பூச்சியைப் பிடித்தார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அமெரிக்கா போனபிறகு அதற்குப் பெயர் சூட்டி வெளியிட்டார். சிறுவயதுக் கனவு நிறைவேறிவிட்டது என்றிருந்தபோது, அது தனி இனமல்ல, இரண்டு இனங்களின் கலப்பு என்று பின்னால் தெரிந்தது. கிரெட்ச்மார் சாபம் போலும்.

கப்பல் பயணத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? யூத அகதிகளுக்கு உதவும் ஒரு சங்கம் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துக்கொடுத்தது. அந்தச் சங்கத்தின் தலைவர் நபோகோவின் தகப்பனாரை அறிந்தவர், அவர் யூதர்களுக்காக எழுதியதை மறக்காதவர். ஜெர்மன் படை பாரீசுக்குள் நுழைய ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் அவர்கள் புறப்பட்டார்கள். அவர்கள் வந்த அதே 'ஷாம்ப்ளேன்' ஜூன் மாதத்தில் லா ரோஷெல் அருகே கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. அவ்வளவு நெருக்கடியில் எடுத்துவந்த சாமானில்தான் அந்தக் கையுறைகள் இருந்தன.

நியூயார்க்கில் முதலில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சம்பளமில்லாமல் பூச்சிகளைப் பார்த்துப் படம் வரைந்தார். 1941-இல் பாஸ்டன் பக்கம் வெல்ஸ்லி பெண்கள் கல்லூரியில் ஒரு வருட வேலை கிடைத்தது. அங்கிருந்து ஹார்வர்டு பக்கம்தான். அங்கேயிருந்த ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்துக்குப் போனவர், ஐரோப்பிய, ஆசியப் பட்டாம்பூச்சித் தட்டுகள் ஒழுங்கின்றிக் கிடப்பதைக் கண்டார். சரிப்படுத்தித் தருகிறேன் என்று தாமே கேட்டு, ஊதியமின்றி ஆரம்பித்தார். 1942-இல் ஆய்வாளர் பதவி கிடைத்தது. பகுதிநேரம். ஆண்டுக்கு 1000 டாலர். பிறகு சற்றுக் கூட்டினார்கள். வருடா வருடம் நீட்டிப்பு ஆணை வர வேண்டும். தற்காலிகப் பணியில் இருந்தவர்களுக்கு அந்த நீட்டிப்பு ஆணைக்காகக் காத்திருக்கும் மார்ச் மாதம் எப்படி இருக்கும் என்று தெரியும். நான் கையெழுத்துக்கு அனுப்பிய அப்படிப்பட்ட கோப்புகள் எத்தனையோ. பெயருக்கு ஆய்வாளர் என்றாலும் பட்டாம்பூச்சிப் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

என்ன வேலை செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரணமாக இதைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள்.

அவர் எடுத்துக்கொண்டது நீலன்கள் என்று நாம் சொல்லும் சிறிய வண்ணத்துப்பூச்சிக் கூட்டம். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நம் ஊர்ப் புல்வெளியிலும் இவற்றின் உறவுக்காரர்கள் தாழப் பறப்பதைப் பார்க்கலாம். ஒன்றைப்போலவே இன்னொன்று இருக்கும். சிறகின் நிறத்தை மட்டும் வைத்து இனம் பிரித்தால் ஏமாந்துபோவோம். அதனால் பூச்சியின் வயிற்று நுனியில் இருக்கும் ஆணின் இனப்பெருக்க உறுப்பை அறுத்தெடுத்து, நுண்ணோக்கியில் வைத்து, அதன் கொக்கி, வளைவு, நீள அகலம் எல்லாவற்றையும் அளந்து ஒப்பிட வேண்டும். ஒவ்வொன்றும் குண்டூசித் தலையளவுகூட இராது. நபோகோவ் ஒரே இனத்தில் ஒன்றிரண்டு பார்த்துத் திருப்திப்படாமல், பெருந்தொகையாக அறுத்துப் பார்த்து, அளவுகளை அட்டவணைப்படுத்தினார்.

சிறகுக்கு அவர் கையாண்ட முறை இன்னும் விசித்திரம். பட்டாம்பூச்சியின் சிறகில் ஓட்டுக்கூரைபோல வரிசை வரிசையாகச் செதில்கள் இருக்கும். ஒரு புள்ளி சிறகில் எங்கே இருக்கிறது என்பதை, அடியிலிருந்து எத்தனையாவது செதில் வரிசை என்று எண்ணிச் சொன்னார். எண்ணுவது என்றால் நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்து வரிசை வரிசையாக எண்ணுவதுதான். பதிவேட்டில் பத்தி பத்தியாகக் கூட்டி, தொகை ஒத்துவராமல் மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தவர்களுக்கு இந்த வேலையின் ருசியும் தெரியும், கொடுமையும் தெரியும். சில நாட்களில் பதினாலு மணி நேரம் வரை அப்படி உட்கார்ந்திருக்கிறார்.

பார்த்ததை இந்திய மையில் வரைந்தார். இங்கேதான் தபுஜின்ஸ்கி வருகிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியல் சித்திரங்கள் அவர் கையால் வரைந்தவை. அவற்றில் சிறந்தவற்றைத் தொகுத்து 2016-இல் ஒரு பெரிய புத்தகமாகவே போட்டிருக்கிறார்கள். அலங்காரம் இல்லை, நிழலடிப்பு இல்லை. ஒரு கோடு எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளைகிறது. வாத்தியார் எதிர்பார்த்த ஓவியராக அவர் ஆகவில்லை என்பது சரி. அவர் கற்றுக்கொடுத்த கவனிப்பு மட்டும் வீண்போகவில்லை. வேடிக்கைக்காகவும் வரைவார். மனைவிக்குக் கொடுக்கும் புத்தகங்களின் முதல் பக்கத்தில் வண்ணப் பென்சிலால் இல்லாத பட்டாம்பூச்சிகளை வரைந்து, பொய்யான இலத்தீன் பெயரும் எழுதிவைப்பார்.

ஆயிரம் டாலரில் குடும்பம் நடக்குமா? கேம்பிரிட்ஜ் நகரில் கிரேகி சர்க்கிள் என்ற இடத்தில் மாடியில் ஒரு சிறிய வாடகை வீடு. அருங்காட்சியகம் போக, வெல்ஸ்லியில் ருஷ்ய மொழி வகுப்பு. நடுவில் ஒரு வருடம் அந்த வேலையும் இல்லாமல், ஊர் ஊராக ரயிலில் போய்ச் சொற்பொழிவாற்றிச் சம்பாதித்தார். 1943-இல் குகன்ஹைம் உதவித்தொகை கிடைத்துக் கொஞ்சம் மூச்சுவிட்டார். நாவல் எழுத வேண்டியது இரவில். அதுவும் இப்போது ருஷ்ய மொழியை விட்டுவிட்டு ஆங்கிலத்தில். நாற்பது வயதுக்குமேல் எழுதும் மொழியை மாற்றிக்கொள்வது என்பது கையை மாற்றிக்கொள்வதுபோல.

எது பின்னுக்குப் போயிற்று? நாவல்தான். 1944 ஆரம்பத்தில் நண்பர் எட்மண்ட் வில்சனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். வேரா உட்காரவைத்து நாவலைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசினாராம். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பட்டாம்பூச்சிக் கட்டுரைகளுக்கு அடியிலிருந்து அதை உருவி எடுத்தாராம். எடுத்துப் படித்தபோது நன்றாகத்தான் இருந்தது. அது 1947-இல் வெளிவந்தது. அமெரிக்காவுக்கு வந்து ஏழு வருடத்தில் எழுதி முடித்த நாவல் அது ஒன்றுதான். கோகோலைப் பற்றிய சிறு புத்தகமும் சில கதைகளும் கவிதைகளும் தனி.

உடம்பும் விலை கொடுத்தது. புகையிலைப் பழக்கத்தை 1945-இல் டாக்டர் சொல்லி விட்டார். அதற்குப் பதிலாக மிட்டாய் தின்னத் தொடங்கி, மெலிந்த ஆட்டக்காரர் உடம்பு சில மாதங்களில் பருத்துப்போயிற்று. பெர்லின் குத்துச்சண்டை வாத்தியாரின் பழைய படத்தையும் பின்னாளைய படத்தையும் அருகருகே வைத்தால் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாது. கோடையில் மட்டும் பழைய ஆள் எழுந்து வருவார். 1943-இல் யூட்டா மாநிலத்து மலைகளில் அரைக்கால் சட்டையோடு வலையைத் தூக்கிக்கொண்டு நாளுக்குப் பத்து மைலுக்கு மேல் ஏறி இறங்கினார். அங்கே பிடித்த ஒரு சிறிய அந்திப்பூச்சிக்கு வேறொரு நிபுணர் நபோகோவின் பெயரையே வைத்தார்.

கண்ணுக்கு ஏற்பட்ட சேதம் திரும்பிவரவில்லை. நுண்ணோக்கியால் பார்வை நிரந்தரமாகக் கெட்டது. அதன்பிறகு கண்ணாடிதான்.

அதே 1945-இல்தான் தம்பி செர்கேயின் சாவுச் செய்தி வந்தது. ஜெர்மனியில் நொயன்காம்மெ வதைமுகாமில் அந்த வருட ஜனவரியில் இறந்திருந்தார். அதே வருடம் வெளியானது நபோகோவின் மிக முக்கியமான அறிவியல் கட்டுரை. தென் அமெரிக்க நீலன்களைப் பற்றியது. அங்கே அவர் போனதே இல்லை. தட்டுகளில் இருந்த சொற்ப மாதிரிகளை வைத்து, புதிய பேரினங்களை வகுத்து, கடைசியில் ஒரு துணிச்சலான யூகத்தையும் சொன்னார். இந்தப் பூச்சிகளின் முன்னோர் ஆசியாவில் தோன்றி, பேரிங் பகுதி வழியாக வட அமெரிக்காவுக்கு வந்து, அங்கிருந்து சிலி வரை இறங்கியிருக்க வேண்டும்; ஒரே தடவையில் அல்ல, ஐந்து அலைகளாக. அதை விளக்கும்போது வெல்சின் கால இயந்திரத்தில் ஏறிப் போய்ப் பார்க்கும் ஒரு விஞ்ஞானியைக் கற்பனை செய்யச் சொல்கிறார். அறிவியல் பத்திரிகையில் இப்படி எழுத அவரால்தான் முடியும். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1948-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பேராசிரியர் பதவி வந்தது. அருங்காட்சியக வேலை முடிந்தது. அந்த வருடங்களைத் தம் வாழ்க்கையின் மிக இன்பமான காலங்களில் ஒன்று என்றே பின்னால் நினைவுகூர்ந்தார். கண் போனதைப் பற்றி அவர் புலம்பியதை நான் படித்ததில்லை. அதன்பின் ஒவ்வொரு கோடையும் வேரா கார் ஓட்டுவார். நபோகோவுக்குக் கடைசிவரை ஓட்டத் தெரியாது. மேற்கு மலைகளில் பகலில் பூச்சி, மழை வந்தால் விடுதி அறையிலோ காரின் பின் இருக்கையிலோ குறிப்பு அட்டைகளில் நாவல். 'லோலிதா' பெரும்பாலும் அப்படி எழுதியதுதான். 1951-இல் கொலராடோவின் டெலுரைட் என்ற சுரங்க ஊருக்கு மேலே, தாமே அருங்காட்சியக மாதிரிகளை வைத்துப் பெயரிட்ட ஒரு நீலனின் பெண்பூச்சியைத் தேடிக் கண்டுபிடித்தார். அதுவரை ஆண்பூச்சிகளை மட்டுமே அறிந்திருந்தார்கள். 'லோலிதா'வின் இறுதியில் பள்ளத்தாக்கிலிருந்து குழந்தைகள் விளையாடும் ஓசை மேலே எழுந்து வரும் இடம் அந்தச் சரிவில் நின்று கேட்டதுதான்.

1957-இல் ஹார்வர்டில் ருஷ்ய இலக்கியப் பேராசிரியர் பதவிக்கு அவர் பெயர் வந்தது. பெரிய எழுத்தாளர் ஆயிற்றே என்று சிலர் பரிந்து பேசினார்கள். மொழியியலாளர் ரோமன் யாகப்சன் மறுத்தார். யானைகூடப் பெரியதுதான், அதற்காக அதை விலங்கியல் பேராசிரியர் ஆக்குவோமா என்று கேட்டாராம். பதவி கிடைக்கவில்லை. அதே ஹார்வர்டில் விலங்கியல் கட்டடத்துக்குள் அந்த யானை ஏழு வருடம் உட்கார்ந்து வேலை பார்த்திருந்ததை அந்தக் கூட்டத்தில் யாராவது நினைத்திருப்பார்களா?

பூச்சியியலாளர்களில் பலர் அவரை உழைப்பாளி, ஆனால் ஆர்வலர் என்ற அளவில்தான் வைத்திருந்தார்கள். 1980-களின் கடைசியிலிருந்து கர்ட் ஜான்சன், ஜோல்ட் பாலின்ட், டுபி பென்யாமினி ஆகியோர் தென் அமெரிக்க நீலன்களை மறுபடி ஆராய்ந்தபோது, இவர் வகுத்த பிரிவுகள் நிற்பதைக் கண்டார்கள். புதிய இனங்கள் பலவற்றுக்கு அவருடைய நாவல் பாத்திரங்களின் பெயர்களையே வைத்தார்கள். ஒன்றின் பெயர் 'வொகோபன்'. நபோகோவ் என்ற பெயரை இங்கிலீஷ் எழுத்தில் தலைகீழாக வாசித்தால் வருவது. அவர் இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

ஐந்து அலை யூகம் அதற்கப்புறமும் யூகமாகவே இருந்தது. ஹார்வர்டில் நபோகோவ் பார்த்த அதே பட்டாம்பூச்சிப் பிரிவுக்குப் பின்னாளில் பொறுப்பேற்ற நயோமி பியர்ஸ், ரோகர் வீலா முதலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து மரபணுவை வைத்துச் சோதித்தார். 2011-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் முடிவு வெளிவந்தது. முதல் அலை சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன், கடைசி அலை சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன். மொத்தம் ஐந்து. வந்த வரிசையும் அவர் சொன்ன வரிசையே. அவர் எழுதி 66 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கையில் இருந்தவை ஒரு நுண்ணோக்கி, ஊசி, மைக்கூடு. டிஎன்ஏவின் வடிவமே அப்போது யாருக்கும் தெரியாது.

அமெரிக்காவில் கார்னர் நீலன் என்று ஒரு பூச்சி உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி அருகே கார்னர் என்ற இடத்துப் பைன் மணற்காடுகளில் பிடித்த மாதிரிகளை வைத்து 1940-களில் அதைத் தனியாக அடையாளம் கண்டு பெயரிட்டவர் நபோகோவ். லூபின் என்ற நீலப்பூச் செடியை மட்டுமே அதன் புழு தின்னும். அந்தச் செடி வளரும் மணற்காட்டில் வீடும் சாலையும் வந்துவிட்டதால், 1992-இல் அதை அருகிவரும் இனம் என்று அரசு அறிவித்தது. பூச்சியின் இலத்தீன் பெயருக்குப் பின்னால் பெயரிட்டவரின் பெயரையும் அச்சிடுவது மரபு. ஆகவே சாலை போடும் ஒப்பந்தக்காரரும் வழக்கறிஞரும் பார்க்கிற ஆவணங்களிலும் நபோகோவ் என்ற பெயர் வந்துகொண்டிருக்கிறது.

1975 கோடையில், 76 வயதில், சுவிட்சர்லாந்தின் தாவோஸ் மலைச்சரிவில் வலையோடு போனவர் வழுக்கி விழுந்தார். அதன்பிறகு உடம்பு தேறவில்லை. 1977 ஜூலை 2-ஆம் தேதி லோசான் நகரில் காலமானார். ஐரோப்பாவில் கடைசிக் காலத்தில் பிடித்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சிகள் அந்த ஊர் விலங்கியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.